தொண்டை வலி: லேசு

என் கழுத்தில் கட்டி இருப்பதை முதலில் பார்த்தது தையல்காரி கலா. கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருமுனையில் ஜாக்கெட் தைக்கிறாள். அளவு நாடாவைக் கழுத்தில் சுற்றியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“இன்னாக்கா, ஒரு பக்கம் பொடப்பா கீது? எச்சில முழுங்கு, பாக்கலாம்.”

விழுங்கினேன். கண்ணாடியில், கழுத்தின் இடப்பக்கம் நெல்லிக்காய் அளவில் ஒன்று ஏறி இறங்கியது.

நான் கிராம சுகாதார செவிலியர். கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி இருக்கும் ஒரு துணை சுகாதார நிலையத்தில் பதினாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கர்ப்பிணிகளின் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, வீக்கம் இருந்தால் சோதனைக்கு அனுப்புவது என் அன்றாட வேலை. என் கழுத்தை நான் தொட்டுப் பார்த்ததே இல்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு நுண்ணூசிச் சோதனை (மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்திச் சில செல்களை உறிஞ்சியெடுத்துப் பார்ப்பது). அதில் உறுதியாக எதுவும் தெரியவில்லை. சாதாரணக் கட்டியாகவும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். தைராய்டில் (கழுத்தின் முன்பக்கம் மூச்சுக்குழாயோடு ஒட்டியிருக்கும் சுரப்பி) கட்டி உள்ள இடப் பாதியை எடுத்து முழுதாகச் சோதித்தால்தான் சொல்ல முடியும் என்றார் அறுவை மருத்துவர். மீதிப் பாதி போதும், உடம்பு சமாளித்துக்கொள்ளும் என்றார்.

பேருந்தில் மூன்று மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்ந்தேன். அதன் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் இது அந்த ஒரு கட்டடத்தின் கதையாகிவிடும். மற்ற ஆஸ்பத்திரிகளில் இருப்பவர்கள் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

அறுவைக்கு முதல் நாள் மயக்கவியல் துறையில் மேற்படிப்புப் படிக்கும் ஓர் இளம் மருத்துவர் வந்தாள். பெயர் பவித்ரா என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மகளைவிடப் பத்து வயது கூட இருக்கும்.

“அக்கா, வாயை நல்லாத் திறங்க. நாக்கை நீட்டுங்க. இப்ப கழுத்தைப் பின்னாடி சாய்ங்க.”

மயங்கிய பிறகு மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செலுத்த வேண்டும், அது சுலபமாகப் போகுமா என்று பார்க்கிறாள். குழாயின் நுனிக்கு அருகில் ஒரு சிறு பலூன் உண்டு. அதை உள்ளே ஊதிவிட்டால் பக்கவாட்டில் காற்று கசியாது. எச்சில் நுரையீரலுக்குள் இறங்காது. அந்தப் பலூன் அழுத்துவதால்தான் அறுவைக்குப் பிறகு பலருக்குத் தொண்டை வலிக்கிறது. பவித்ராவின் ஆய்வு அதைப் பற்றியது.

“சாதாரணமா பலூன்ல காத்து அடைப்போம். நாங்க பாதிப் பேருக்கு மரப்பு மருந்து அடைச்சுப் பாக்குறோம். எதுல தொண்டை வலி கம்மின்னு தெரியணும். அவ்ளோதாங்க்கா. உங்களுக்கு ஒரு கெடுதலும் இல்ல.”

நான்கு பக்கப் படிவம். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். பக்கத்துக் கட்டிலில் திருநாவலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். நாற்று நடப் போகிறவள். “எனக்குப் படிக்கத் தெரியாதுங்க, இன்னா எழுதிக்கீது இதுல?” என்று என்னிடம் கேட்டாள்.

“ஒன்னும் இல்லம்மா. தொண்டை வலியப் பத்தித்தான். கைநாட்டு வையி” என்றேன். பதினான்கு ஆண்டுப் பழக்கம். வாயிலிருந்து தானாக வந்தது.

மறுநாள் காலை அறுவை அரங்கில் கையில் ஏற்றிய மருந்து நரம்பு வழியே எரிந்துகொண்டு மேலேறியது. எண்ணச் சொன்னார்கள், ஏழோ எட்டோ எண்ணியிருப்பேன். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

பிறகு ஒரு குரல் கேட்டது. “பதினாலுதான் இருக்கு சார். ஒன்னு கம்மி.”

மலையில் தடுப்பூசிக் குப்பிகளை எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தேன். எந்தக் குப்பி என்று கேட்க வாயைத் திறக்கப் போனேன். வாய் வரவில்லை. வாய்க்குள் ஏதோ இருந்தது. அது தொண்டைக்குக் கீழேயும் போயிற்று. அப்போதுதான் நான் எங்கே படுத்திருக்கிறேன் என்பது புரிந்தது.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். பொது மயக்கத்தில் தூங்க வைக்கும் மருந்து வேறு, தசைகளைத் தளர்த்தும் மருந்து வேறு. தளர்த்தும் மருந்து உடம்பின் தசைகளை அசையாமல் கட்டிப் போடும். மூச்சுத் தசையையும் சேர்த்து. அறிவை அது தொடாது. தூங்க வைக்கும் மருந்து நடுவில் குறைந்துபோய், தளர்த்தும் மருந்து மட்டும் மிஞ்சினால் ஆள் முழுதாக விழித்திருப்பார். வெளியே பார்க்கிறவருக்கு நன்றாகத் தூங்குவதுபோல இருக்கும்.

கழுத்துத் தோலை மேலே தூக்கி மடித்து இழுத்துக் கட்டியிருந்தார்கள். அந்த இழுவை காதின் அடிவரை தெரிந்தது. உள்ளே ஏதோ சுட்டது. சுடும்போதெல்லாம் ஒரு கருவி ‘கீ’ என்று ஒலித்தது. சதை கருகும் வாசனை மட்டும் வரவில்லை. மூக்கு வழியாக மூச்சு போகாததால்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மூச்சை வெளியே விட நினைத்தபோது எந்திரம் உள்ளே தள்ளியது. இழுக்க நினைத்தபோது அது வெளியே எடுத்தது. வலியைவிட அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

வலது கைக் கட்டை விரலை அசைக்க முயன்றேன். விரல் இருப்பது தெரிந்தது. சொல் அங்கே போய்ச் சேரவில்லை. கத்தினேன், என் தலைக்குள் மட்டும் கேட்டது. செத்துப்போனால் இப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது. என்னைக் கட்டிலோடு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள், நிவேதா என் மேல் விழுந்து அழுவாள், எல்லாம் கேட்டுக்கொண்டு நான் இப்படியே கிடப்பேன் என்று நினைத்தேன். நிவேதா என் மகள். அப்போது பன்னிரண்டாம் வகுப்பு.

அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். ரத்தம் ஒற்றும் துணியில் ஒன்று குறைகிறது. கழுத்துக்குள் விரல் விட்டுத் துழாவினார்கள். “உள்ள இல்ல.” “மறுபடி எண்ணு.” “பதினாலுதான் சார்.” கடைசியில் ஒரு பெண் குரல், “இதோ கீதுங்க சார், ஸ்டூல் காலண்ட வுழுந்து கெடக்குது” என்றது. யாரோ சிரித்தார்கள். எல்லோருக்கும் நிம்மதி.

அதற்குப் பிறகுதான் ஒருவர், “பல்ஸ் ஏன் இவ்ளோ ஏறியிருக்கு?” என்றார். “வலி மருந்து குடு.” கொஞ்ச நேரம் கழித்து, “ஐயோ” என்று யாரோ மெல்லச் சொன்னது கேட்டது. பிறகு குரல்கள் தூரமாகின.

மாலையில் பவித்ரா படிவத்தோடு என் கட்டிலுக்கு வந்தாள்.

“அக்கா, தொண்டை வலி எப்படி இருக்கு? இல்லை, லேசு, நடுத்தரம், கடுமை. நாலுல ஒன்னு சொல்லுங்க.”

“நான் முழிச்சிக்கினு இருந்தேன்.” என் குரல் கரகரத்தது.

“ஆமாக்கா. மதியமே முழிச்சிட்டீங்க.”

“இல்ல. அறுக்கும்போது.”

அவள் பழகிய சிரிப்போடு, “கனவா இருக்கும்க்கா. நிறையப் பேர் சொல்லுவாங்க” என்றாள்.

“பதினாலுதான் இருக்கு, ஒன்னு கம்மின்னு சொன்னாங்க. உள்ள தேடினீங்க. அப்பறம் ஸ்டூல் காலண்ட கெடந்துச்சு.”

பேனா நின்றது. அவளும் அந்த அரங்கில் இருந்தவள். என்னைப் பார்த்தாள். பிறகு படிவத்தைப் பார்த்து, “தொண்டை வலி...” என்று தொடங்கினாள். முடிக்காமல் எழுந்து போனாள்.

அரை மணி நேரத்தில் மூத்த மருத்துவர் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி பேசினார். கோபமே இல்லை. பொறுமையாகப் பேசினார்.

“நீங்களே நர்ஸ். தியேட்டர்ல துணி எண்ணுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும். பயத்துல படுத்திருப்பீங்க. தெளியிற நேரத்துல மனசு இப்படி எதையாவது கோத்துக்கும். மயக்க மருந்துல வர்ற கனவு ரொம்ப நெஜமா இருக்கும்.”

என் கணவர் சேகர் என் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் சர்க்கரை ஆலையில் எடைமேடையில் வேலை பார்க்கிறவர். மருத்துவர் போனதும், “பெரிய டாக்டரே சொல்றாரு இல்ல. வுட்டுடு செல்வி. உசுரோட வந்துட்ட, அது போதும்” என்றார்.

மருத்துவர் சொன்ன கடைசி வாக்கியத்தை எங்கே கேட்டிருக்கிறேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வேறெங்கும் கேட்கவில்லை. நான்தான் சொல்லியிருக்கிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன், அலமேலுவிடம்.

அலமேலு மலைக் கிராமத்துப் பெண். மூன்று பிள்ளைகள். மூன்றாவது பிறந்த பிறகு குடும்பக்கட்டுப்பாடு அறுவைக்கு வரமாட்டேன் என்றவளை நான்கு முறை வீட்டுக்குப் போய்ப் பேசி, ஜீப்பில் ஏற்றிக் கீழே அழைத்துவந்தேன். மாதம் இத்தனை பேரை அறுவைக்கு அனுப்ப வேண்டும் என்று எங்களுக்குக் கணக்கு உண்டு, அந்த மாதம் எனக்கு எண்ணிக்கை குறைந்திருந்தது. “ஒன்னும் தெரியாது, தூங்கிடுவ” என்றேன். திரும்பும்போது மலைப்பாதை முழுக்க அவள் பேசவில்லை. இறங்கும்போதுதான் சொன்னாள்: “நான் தூங்கல நர்சு. கத்தி போனது தெரிஞ்சுது. கத்தினேன், யாரும் திரும்பல.”

“மயக்க மருந்துல வர்ற கனவு நெஜமாட்டம்தான் இருக்கும். ரெண்டு நாள்ல மறந்துடும், போ” என்றேன்.

அவளை நான் அதற்குப் பிறகு நினைத்ததே இல்லை.

வீட்டுக்கு வந்தேன். தையல் நன்றாக ஆறியது. மல்லாந்து படுக்க முடியவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கினேன். தூக்கம் வரும் நேரத்தில் கைகால் கனக்குமே, அந்தக் கனம் வந்தவுடன் நெஞ்சு அடித்துக்கொண்டு எழுந்துவிடுவேன். குக்கர் விசில் அடித்தால் அந்தக் ‘கீ’ கேட்டது. நிவேதா விளையாட்டாகப் பின்னாலிருந்து வந்து என் வாயைப் பொத்தினாள். அவளைத் தள்ளிவிட்டேன். அலமாரியில் போய் இடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் என் பின்னால் வருவதே இல்லை.

மூன்று வாரம் கழித்துச் சதைச் சோதனை (வெட்டியெடுத்த பாதியை நுண்ணோக்கியில் பார்ப்பது) முடிவு வாங்கப் போனேன். புற்றுநோய். குணமாகக்கூடிய வகைதான், ஆனால் மீதிப் பாதியையும் எடுத்துவிட வேண்டும் என்றார் அறுவை மருத்துவர். அவர் நல்ல மனிதர். “இன்னொரு சின்ன ஆபரேஷன்தான்மா” என்றார். சின்ன ஆபரேஷன்.

வெளியே நடைக்கூடத்தில் பவித்ரா எதிரே வந்தாள். என்னைக் கண்டதும் திரும்பிவிடப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, மாடிப்படி ஓரமாக அழைத்துப் போனாள்.

“அக்கா, நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. எனக்குப் பரீட்சை இருக்கு.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “மயக்க வாயுவா மாறுற மருந்தை ஊத்தி வெக்கிற குப்பி காலியாயிடுச்சு. எல்லாரும் துணி தேடிட்டு இருந்ததுல கவனிக்கல. சார்ட்ல பாத்தேன். ஒன்பது நிமிஷம் உங்க பல்ஸ் ஏறியே இருந்துச்சு.”

ஒன்பது நிமிடம். எனக்கு அது அரை நாள் போல இருந்தது.

“கனவுன்னு சொன்னாரே உங்க பெரிய டாக்டர்?”

அவள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

“சரி, உன் ஆய்வுல என்னைப் பத்தி இன்னா எழுதின?”

“அது தொண்டை வலியைப் பத்தின ஆய்வுக்கா. அதுல இதுக்குக் கட்டம் இல்ல.”

“இன்னா எழுதின?”

“லேசுன்னு” என்றாள். “நீங்க பதில் சொல்லல. வார்டு சிஸ்டரைக் கேட்டேன். தண்ணி குடிச்சாங்க, அப்ப லேசுதான்னு சொன்னாங்க.” கொஞ்சம் தயங்கி, “உங்களுக்குப் பலூன்ல மருந்து அடைச்சிருந்தோம். அந்தக் குழுவுல எல்லாருக்கும் நல்லா வந்திருக்குக்கா” என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அந்த ஆய்வு எங்காவது அச்சாகியிருக்கும். அதில் நலமாக இருந்தவர்களின் பக்கம் நானும் ஒரு ஆள். அவள்மீது எனக்கு இப்போதும் கோபம் இருக்கிறது. ஆனால் அந்த மருத்துவமனையில் எனக்கு உண்மையைச் சொன்னது அவள் ஒருத்திதான் என்பதையும் எழுதத்தான் வேண்டும். மருத்துவமனைக்கு நான் எழுதிய கடிதத்துக்கு, பதிவேடுகளின்படி மயக்கம் முறையாகவே கொடுக்கப்பட்டது என்று ஒரு வரிப் பதில் வந்தது.

இரண்டாவது அறுவைக்கு நான் போகவில்லை. ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம், மூன்று மாதம். வீட்டில் சண்டை.

“புத்துநோய வச்சிக்கினு இன்னாத்துக்குக் காத்துக்கினு கீற?” என்று சேகர் கத்தினார். “நெவேதாவ நெனச்சிப் பாத்தியா?”

“அவளத்தாங்க அங்க படுத்துக்கினு நெனச்சேன்.”

“திரும்பத் திரும்ப அதையே சொல்லாத. ஊர்ல யாருக்கும் நடக்காதது உனக்கு மட்டும் நடந்துச்சா?”

அவர் கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார். எனக்கு நடந்ததை நம்பவும் வேண்டும், என்னை மறுபடியும் அறுவைக்கு அனுப்பவும் வேண்டும். இரண்டையும் ஒருசேரச் சுமக்க அவரால் முடியவில்லை. அதனால் நம்பாமல் இருந்தார். இது எனக்கு இப்போது புரிகிறது. அப்போது அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன்.

வேலைக்குத் திரும்பினேன். முதல் வாரமே அலமேலுவின் ஊருக்குப் போனேன். வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் கொஞ்ச தூரம், பிறகு நடை. சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. காட்டில் அவள் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“யாரு, நர்சா? எங்கூட்ல ஊசி போடற புள்ளைங்க இல்ல.”

“அதுக்கு வரல. உங்கிட்டப் பேசணும்.”

அவள் நிமிரவில்லை. வலக்கையால் மட்டும் கதிரைச் சேர்த்தாள். இடக்கை மணிக்கட்டு உள்நோக்கி வளைந்து, கவிழ்த்த முள்கரண்டியின் முதுகு மாதிரி புடைத்திருந்தது.

“கை இன்னா ஆச்சு?”

“வழுக்கி வுழுந்தேன். ரெண்டு வருசம் ஆவுது. எலும்பு ஒடஞ்சி போச்சு, கள்ளக்குறிச்சிக்குப் போன்னாங்க. போவல.”

“ஏன்?”

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். “மயக்க ஊசி போட்டுத்தான் நேராக்குவாங்கன்னாங்க.”

எனக்கு நடந்ததைச் சொன்னேன். துணி தேடியது, மூச்சு, விரல், எல்லாம். நடுவில் ஒருமுறை அவள் கை நின்றது. கத்தியதை யாரும் கேட்கவில்லை என்று சொன்ன இடத்தில்.

“அன்னிக்கி நீ சொன்னது நெசம் அலமேலு. நான் நம்பல. தப்பு என்னுது.”

“உனக்கு நடந்துச்சு, ஏறி வந்துட்ட. நடக்கலன்னா வந்திருப்பியா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “வந்திருக்க மாட்டேன்.”

“அப்பறம் இன்னா” என்று கட்டைத் தூக்கினாள்.

கொஞ்ச தூரம் போனவள் நின்று கேட்டாள். “உன் கழுத்து ஆறிப் போச்சா?”

“மறுக்கா அறுக்கணுமாம். புத்துநோய்.”

“போவலியா?”

“பயமா கீது.”

அவள் சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. “என்னிய மட்டும் நாலு வாட்டி வூட்டாண்ட வந்து இழுத்துக்கினு போன.”

கையை இப்போதும் ஓரளவு சரிசெய்யலாம், நானே கூட வருகிறேன், டாக்டரிடம் முன்னாலேயே பேசுகிறேன் என்றேன். “வேணாம். இந்தக் கை இப்பிடியே பழகிப் போச்சு” என்றாள். அந்த மலையில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பமாட்டார்கள். அன்று யாரும் கொடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

திரும்பி நடக்கும்போது அந்த மணிக்கட்டையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவளுக்கு நான் செய்ததன் பலன் அவள் கையில் இருந்தது. எனக்கு அவர்கள் செய்ததன் பலன் என் கழுத்தில் மெல்ல வளர்ந்துகொண்டிருந்தது. அன்று மாலை சேகரிடம், வேறு மருத்துவமனை பாருங்கள், போகலாம் என்றேன். அந்தச் சண்டைக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்ட முதல் முழு வாக்கியம் அது.

சேகர் விசாரித்துக் கண்டுபிடித்த மருத்துவமனையில் மயக்க மருத்துவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் முன்னால் உட்கார்ந்து, அறுவைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இடைமறிக்கவில்லை. முடித்ததும் மூன்று கேள்விகள் கேட்டார்.

“தூங்குறதுக்கு முன்னாடி கடைசியா ஞாபகம் இருக்கிறது என்ன? எழுந்ததும் முதல்ல ஞாபகம் வர்றது என்ன? ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது ஞாபகம் இருக்கா?”

சொன்னேன். எழுதிக்கொண்டார். “நடந்திருக்கு” என்றார். “அபூர்வம். ஆனா நடக்கும்.”

அழுதேன். ஆறுதலில் அழுதேன் என்று அவர் நினைத்திருப்பார். கோபத்தில் அழுதேன். இந்த ஒரு சொல்லைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆயிற்று இவருக்கு? இதை அன்று மாலையே அவர்கள் சொல்லியிருக்கலாம். நான்கூட, ஆறு ஆண்டுகளுக்கு முன், ஜீப்பிலிருந்து இறங்கும்போது சொல்லியிருக்கலாம். அந்த மூன்று கேள்விகளும் மயக்கவியலில் ஆய்வு செய்கிறவர்கள் வெகுகாலமாகக் கேட்டுவருபவை என்று அவர் சொன்னார். கேட்டால்தான் தெரியும், கேட்காத இடத்தில் யாருக்கும் எதுவும் நடந்ததாகக் கணக்கில் வராது.

“மறுபடி நடக்காதுன்னு சத்தியம் பண்ணுவீங்களா?” என்று சேகர் கேட்டார்.

“பண்ண மாட்டேன். வாய்ப்பை ரொம்பக் குறைக்க முடியும். அதைச் செய்வேன்.”

நெற்றியில் ஒரு பட்டை ஒட்டுவதாகச் சொன்னார் (மூளையின் மின்னலைகளை அளந்து, மயக்கம் எவ்வளவு ஆழம் என்பதை எண்ணாகக் காட்டும் கருவி). தளர்த்தும் மருந்தைக் குழாய் போடும்வரை மட்டும் கொடுப்பதாகவும், அதன் வேகம் தணிந்த பிறகு ஒருவேளை நான் விழித்தால் கை அசையும் என்றும் சொன்னார். இதைப் படிக்கும் உங்களுக்கு அறுவை இருந்தால், முதல் நாள் வரும் மயக்க மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள். முன்பு எப்போதாவது நடுவில் விழித்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். கனவு என்று அவர் சிரித்தால், இன்னொரு முறை சொல்லுங்கள். என்னால் இவ்வளவுதான் சொல்ல முடிகிறது. எல்லாம் நன்றாக நடக்கும் என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

மேசையில் படுக்க வைத்தபோது என் கால்கள் மேசை அதிரும்படி ஆடின. மருத்துவர் என் தோளில் கை வைத்திருந்தார். எரிச்சல் கையில் ஏறியது.

கண்ணைத் திறந்தபோது வேறு அறையில் இருந்தேன். இரண்டே கால் மணி நேரம் ஆகியிருந்தது. அந்த இரண்டே கால் மணி நேரம் எங்கும் இல்லை. எல்லோரும் எதிர்பார்ப்பது அதைத்தான். எனக்கு அதுவும் பயமாக இருந்தது. விரலை அசைத்தேன், அசைந்தது. அந்த மருத்துவரே வந்து அதே மூன்று கேள்விகளைக் கேட்டார். “நடுவுல ஒன்னும் இல்ல” என்றேன். அவர் கண்ணை ஒரு நொடி மூடித் திறந்தார். அவரும் பயந்திருக்கிறார்.

சில நாள் விரல் நுனிகளும் உதட்டோரமும் மரத்து ஊசி குத்தின. சுண்ணாம்புச் சத்து குறைந்ததால் அப்படி. மாத்திரையில் சரியாயிற்று. புற்றுநோய் அந்தப் பாதியிலும் ஒரு கடுகளவு இருந்ததாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. இப்போது தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஆயுள் முழுக்க. கழுத்தில் ஒரு கோடு. பார்க்கிறவர்கள் சங்கிலி அழுத்திய தடம் என்று நினைக்கிறார்கள்.

வேலையில் ஒன்று மாறியிருக்கிறது. அறுவைக்கு அழைத்துப்போகும் பெண்களிடம், “ஒன்னும் தெரியாது” என்று சொல்வதை விட்டுவிட்டேன். வலி தெரிந்தால் கத்து, கையைக் காட்டு, வெளியே நான் இருப்பேன், வந்ததும் என்னிடம் சொல், நம்புவேன் என்கிறேன். இதைக் கேட்டுவிட்டு இரண்டு பேர் ஜீப்பிலிருந்து இறங்கிப் போய்விட்டார்கள். அந்த மாதக் கூட்டத்தில் மேலதிகாரி எல்லோர் முன்னாலும், “நீ நர்ஸா, இல்ல பயமுறுத்துற ஆளா?” என்று கேட்டார். வெளியே வருகிறவர்களிடம் அந்த மூன்று கேள்விகளையும் கேட்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் இல்லை என்பார்கள். ஒருத்தி மட்டும், “எப்பிடிக்கா தெரியும்?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னதைத் தேதி போட்டு எழுதி மேலே அனுப்பினேன். பதில் இல்லை. அலமேலுவின் ஊர் வழியாகப் போகும்போது அவள் இருந்தால் தலையை மட்டும் அசைப்பாள். அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு உரிமை கிடையாது.

முதல் அறுவை முடிந்து இப்போது இரண்டு ஆண்டுகள். ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கேன். நோய் இல்லை என்கிறார்கள். மல்லாந்து படுக்க முடிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்திருந்தேன். நிவேதா விடுமுறைக்குக் கல்லூரியிலிருந்து வந்திருந்தாள். வாசலில் நின்று, “அம்மா” என்று கூப்பிட்டாள். எனக்குக் கேட்டது. பதில் சொல்ல நினைத்தேன், வரவில்லை. கையை எடுக்க நினைத்தேன், வரவில்லை. அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. வெயில் நகர்ந்து என் காலுக்கு வந்து, காலைத் தாண்டிச் சுவரில் ஏறியதுபோல இருந்தது. அவள் அழுதுவிடுவாள் என்று பயந்தேன். பிறகு யாரோ அறுத்துவிட்டதுபோல உடம்பு விடுபட்டது. எழுந்து உட்கார்ந்தேன். நெற்றி வேர்த்திருந்தது.

அவள் இன்னும் வாசலில்தான் நின்றிருந்தாள். ஒரு காலில்தான் செருப்பைக் கழற்றியிருந்தாள்.

“எவ்ளோ நேரமாடி கூப்புட்டுக்கினு கீற?”

“இன்னாம்மா நீ” என்றாள். “ஒரே ஒரு வாட்டிதான் கூப்ட்டேன்.”